மரத்தில் எழுதும் வெளிச்சம்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருக்கிறீர்களா? சிறு வயதில் நம்மில் பலர் செய்திருப்போம். கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்துவோம். வெளிச்ச வட்டம் பெரிதாகும், சிறிதாகும். ஓர் உயரத்தில் அது கடுகு போல ஆகிவிடும். அப்போது காகிதம் புகையும். சற்று நேரத்தில் ஓட்டை விழும்.

லேசர் இயந்திரம் மரத்தில் செய்வதும் இதே வேலைதான். வெயிலுக்குப் பதிலாக மின்சாரத்தில் பிறக்கும் வெளிச்சம். கைக்குப் பதிலாக மோட்டார்.

நீலசந்திராவின் சந்துகளில் நடந்து போகும்போது வாசல்களைப் பாருங்கள். மரத்தில் பெயர்ப் பலகை இருக்கும். தமிழில் இருக்கும், கன்னடத்தில் இருக்கும், உருதுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சில பலகைகள் உளியால் செதுக்கியவை. சில பலகைகளில் எழுத்து பழுப்பு நிறத்தில், அச்சடித்தது போல ஒரே சீராக இருக்கும். விரலால் தடவினால் லேசான பள்ளம் தெரியும். அது லேசர் வேலை. சாவிக்கொத்து, சாமி படச் சட்டம், கல்யாணப் பரிசு என்று இந்த வேலை இன்று பல பொருள்களில் வருகிறது.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பெரியவர் தச்சு வேலை செய்பவர். அவர் கேட்டார்: "ஏம்மா, வெளிச்சம் போய் மரத்தை அறுக்குமா? ரம்பம் வேண்டாமா?"

"அறுக்காது தாத்தா, எரிக்கும்" என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்றார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மரத்தோடு பழகியவர் அல்லவா?

இந்த ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் மரத்தை வெட்டுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது மரத்தை எரித்து வழி செய்துகொண்டு போகிறது. மரம் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் கருகும். அதற்கு மேல் சூடு ஏறினால் கரியும் புகையும் ஆகி இடத்தைக் காலி செய்துவிடும். மேலாகக் கருக்கினால் எழுத்து. அடிவரை எரித்தால் வெட்டு. கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் இந்த எரிப்பை அளவோடு செய்வதுதான்.

லேசர் வெளிச்சத்தில் என்ன விசேஷம்?

சாதாரண பல்பு வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். அதில் பல நிறங்கள் கலந்திருக்கும். சிவாஜி நகர் பஸ் நிலையத்துக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போவார்கள். லேசர் வெளிச்சம் அப்படி இல்லை. ஜனவரி 26 அன்று மாணெக்‌ஷா மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும் அல்லவா? எல்லோரும் ஒரே திசை, ஒரே நடை. லேசர் அது போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம். அதனால் அதை ஒரு கண்ணாடி வில்லையால் மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்க முடிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சிறிய புள்ளி.

நம் வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட். அதைக் காட்டி மரத்தைக் கருக்க முடியுமா? முடியாது. 5 வாட் லேசர் கருக்கிவிடும். உள்ளங்கையால் அழுத்தினால் துணியில் ஓட்டை விழாது. அதே பலத்தில் ஊசியால் அழுத்தினால் விழும். அதுதான் வித்தியாசம்.

உலகில் முதல் லேசரை எரிய வைத்தவர் தியோடர் மைமன் என்ற அமெரிக்கர். 1960 மே 16 அன்று ஒரு மாணிக்கக் கல் தண்டைக் கொண்டு அதைச் செய்தார். அடுத்து வந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பு நம் நாட்டில் பிறந்தவருடையது. மகாராஷ்டிரத்தில் பாராமதி என்ற ஊரில் 1938-இல் பிறந்தவர் குமார் படேல். புனேயில் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா சென்றார். அங்கே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1964-இல் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தார். நாம் மூச்சில் வெளியே விடும் வாயு இருக்கிறதே, அதே வாயுதான்! பெரிய கடைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் இயந்திரங்கள் பல இன்றும் படேலின் வழியில்தான் ஓடுகின்றன. கண்ணாடிக் குழாய், அதைக் குளிர வைக்கத் தண்ணீர், பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் என்று அவை கொஞ்சம் பெரிய ஏற்பாடு.

வீட்டு மேசையில் வைக்கும் சின்ன இயந்திரம் வேறு வகை. அதில் வருவது நீல வெளிச்சம். அது குழாயில் பிறப்பதில்லை, விரல் நுனியில் வைக்கும் அளவு சில்லில் பிறக்கிறது. 1990-களில் ஜப்பானில் நிச்சியா என்ற நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா என்பவர் நீல லேசர் சில்லைச் செய்து காட்டினார். பிறகு அது மலிந்தது. மலிந்ததால்தான் இன்று பொழுதுபோக்குக்குக்கூட ஒருவர் லேசர் வாங்க முடிகிறது. இந்தக் கட்டுரையில் இனி நாம் பேசப்போவது இந்த நீல லேசரைப் பற்றித்தான்.

இயந்திரம் எப்படி இருக்கும்?

கட்டில் சட்டம் போல நான்கு தண்டவாளங்கள். அவற்றின் மேல் ஒரு சிறிய பெட்டி. அதை லேசர் தலை என்கிறோம். பெல்ட்டும் மோட்டாரும் அதை இடம் வலமாகவும் முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. கீழே மரப் பலகையை வைக்கிறோம். கம்ப்யூட்டரில் படமோ எழுத்தோ வரைகிறோம். ஒரு மென்பொருள் அந்தப் படத்தை "இவ்வளவு தூரம் போ, இங்கே எரி, அங்கே அணை" என்ற கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறது. லேசர்ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் இலவசம். வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளும் இலவசம். நடுவில் கரண்ட் போனால் லேசர் அணைந்துவிடும், ஆபத்தில்லை. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது கஷ்டம். பலகை பெரும்பாலும் வீணாகும்.

வேலைக்கு முன் தலையின் உயரத்தைச் சரி செய்ய வேண்டும். பூதக்கண்ணாடியை ஏற்றி இறக்கினோமே, அதே காரணம்தான். இயந்திரத்தோடு ஓர் அளவுக்கட்டை தருவார்கள். அதை மரத்தின் மேல் வைத்துத் தலையை அதன் மேல் படும்படி இறக்கி, திருகை இறுக்கி, கட்டையை எடுத்துவிட வேண்டும். பலகை வளைந்திருந்தால் ஒரு ஓரம் நன்றாக வரும், நடுவில் மங்கும். அதனால் வளையாத பலகை முக்கியம்.

இஸ்திரிப் பெட்டி சொல்லும் பாடம்

இனி எரிப்பின் அளவு. இதில்தான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். வீட்டில் துணி தேய்ப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும்.

இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். கையையும் வேகமாக ஓட்டலாம், மெதுவாக ஓட்டலாம். சூடு அதிகமாக இருந்தாலும் கை வேகமாக ஓடினால் துணி தப்பிக்கும். சூடு குறைவாக இருந்தாலும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் வேட்டி பழுத்துவிடும். லேசரிலும் இதே இரண்டு விஷயங்கள்தான். ஒன்று பலம். இதை 100-க்கு எத்தனை என்று சொல்கிறோம். இன்னொன்று வேகம். தலை ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது என்பது கணக்கு.

எழுத்துப் பொறிக்கத் தலை வேகமாக ஓட வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் என்பது சாதாரணம். மூன்று மீட்டர்! வெட்ட வேண்டுமானால் தலை நத்தை போல ஊர வேண்டும். 10 வாட் லேசர் 3 மில்லிமீட்டர் மெல்லிய பலகையை வெட்ட நிமிஷத்துக்கு 200, 300 மில்லிமீட்டர் என்ற கணக்கில் போகும். 5 வாட் என்றால் அதே கோட்டில் பல தடவை ஓட்ட வேண்டும்.

"அப்படியானால் சரியான எண்ணைச் சொல்லிவிடுங்களேன், எழுதி வைத்துக்கொள்கிறோம்" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். சரியான எண் என்று ஒன்று இல்லை. தேக்குக்கு ஒன்று, பைன் மரத்துக்கு ஒன்று. ஒரே மரத்திலும் வைரம் பாய்ந்த இடத்துக்கு ஒன்று, வெளி மரத்துக்கு ஒன்று. பைன் பலகையில் ரேகையைப் பாருங்கள். வெளுத்த கோடும் சிவந்த கோடும் மாறி மாறி வரும். ஒரே பலத்தில் ஓட்டினாலும் வெளுத்த இடம் ஆழமாக எரியும், சிவந்த இடம் அவ்வளவு எரியாது. கணு இருந்தால் அங்கே லேசர் திணறும்.

ஆகவே ஒரு சோதனைப் பலகை செய்துகொள்ளுங்கள். எந்த மரத்தில் வேலையோ, அதே மரத்தின் துண்டில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து சின்னக் கட்டம் எரியுங்கள். மொத்தம் 25 கட்டம். இடமிருந்து வலமாகப் பலம் 20, 40, 60, 80, 100. மேலிருந்து கீழாக வேகம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000. ஓரத்தில் அந்த எண்களையும் எரித்து வையுங்கள். ஒரு மூலையில் கட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். எதிர் மூலையில் கன்னங்கரேல் என்று பள்ளமாக இருக்கும். நடுவில் எங்கோ நல்ல காபி நிறத்தில் ஒரு கட்டம் கண்ணைக் கவரும். அதன் எண்களைப் படித்து நோட்டில் எழுதுங்கள். மரத்தின் பெயர், வாங்கிய கடை, தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை வேறு லாட் பலகை வந்தால் மறுபடியும் சோதனைதான். அலுப்புப் பட்டால் நல்ல பலகை வீணாகும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். லேசர் ஒரு கட்டத்தை நிரப்பும்போது நெருக்கமாகக் கோடு கோடாக ஓடுகிறது. மில்லிமீட்டருக்கு 10 கோடு. 100 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் உள்ள இடத்தை முழுக்கக் கருக்க 500 கோடு வேண்டும். ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர். மொத்தம் 50,000 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 3,000 என்றால் கிட்டத்தட்ட 17 நிமிஷம். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் தலை நின்று திரும்புகிறதே, அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம். வேலைக்குக் கூலி பேசும்போது இந்தக் கணக்குத் தெரியாதவர் நஷ்டப்படுவார்.

செல்வி மூன்றெழுத்து, துண்டு ஐந்து

இப்போது எழுத்துக்கு வருவோம். நாம் பாடுபட்டுக் கற்ற எழுத்து இங்கேதான் உதவுகிறது.

பெயர்ப் பலகையின் மேலாகக் கருக்கினால் எழுத்தில் தொல்லை இல்லை. ஆனால் பெயரைத் தனித்தனி எழுத்தாக வெட்டி எடுத்துக் கதவில் ஒட்ட வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். "செல்வி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மூன்றெழுத்து. வெட்டி எடுத்தால் எத்தனை துண்டு வரும்? கொம்பு ஒன்று. "ச" ஒன்று. "ல" ஒன்று. அதன் மேல் இருக்கும் புள்ளி ஒன்று. "வி" ஒன்று. ஆக ஐந்து. அந்தப் புள்ளி இருக்கிறதே, அது மிளகு அளவு. வெட்டிய உடனே கீழே உருண்டுவிடும். தேடிப் பிடித்து ஒட்டினாலும் நாலு நாளில் விழுந்துவிடும். புள்ளி போன "கண்ணன்" எப்படி இருக்கும்? "கணணன" என்று இருக்கும். புள்ளி சின்னதுதான், ஆனால் அது போனால் பெயரே போகிறது.

இதற்கு வழி உண்டு. எல்லா எழுத்தும் தொட்டுக்கொண்டு நிற்க அடியில் ஒரு பட்டை கொடுக்கலாம். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் காம்பு வரையலாம். அல்லது பெயரை மேலாகக் கருக்கி, அதைச் சுற்றி ஒரு வட்டமோ இலை வடிவமோ வெட்டலாம். எனக்குப் பிடித்தது கடைசி வழிதான். பார்க்கவும் நன்றாக இருக்கும், உடையவும் உடையாது.

எழுத்தை ஓட்டையாக வெட்டினால் தொல்லை வேறு விதம். கோல அச்சு செய்பவர்களுக்கு இது தெரியும். "க" எழுத்தில் ஒரு சுழி இருக்கிறது. சுற்றிலும் வெட்டினால் சுழியின் நடுப்பகுதி பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். "ண" எழுத்தில் கேட்கவே வேண்டாம், சுழி மேல் சுழி. சிக்குக் கோலத்திலும் இதே கதி. கோட்டுக்குள் அடைபட்ட இடம் எல்லாம் உதிரும். அதனால் கோட்டை ஆங்காங்கே அறுத்து ஒரு சிறு பாலம் விட வேண்டும். கடையில் விற்கும் கோல அச்சை வாங்கி உற்றுப் பாருங்கள். பாலங்கள் தெரியும்.

பெங்களூரில் இந்த வேலை செய்பவர் கன்னட எழுத்தும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2024-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கன்னட வேலை நிறையவே வரும். "கன்னட" என்ற சொல்லைக் கன்னடத்தில் எழுதும்போது நடு எழுத்தின் கீழே ஒரு குட்டி எழுத்து தனியாகத் தொங்கும். அவர்கள் அதை ஒத்தக்ஷரா என்பார்கள். வெட்டும்போது நம் புள்ளிக்கு வரும் கதிதான் அதற்கும். படிக்கத் தெரியாதவர் அதைக் குப்பை என்று நினைத்துத் தள்ளிவிடுவார்.

கம்ப்யூட்டரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் ஓர் இடத்தில் தமிழில் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுபோவோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை என்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் தாறுமாறாக ஆங்கில எழுத்து தெரியும். சில மென்பொருளில் கொம்பு இடம் மாறி "ச" எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்கு அச்சகக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "கர்வ் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டுப் படமாக மாற்றிவிடுவது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் உருவம் மாறாது. ஆனால் திருத்தவும் முடியாது. ஆகவே கர்வ் போடும் முன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட வேண்டும்.

நான் சொல்வது இதுதான். வேலை கொடுப்பவரிடம் பெயரைக் காகிதத்தில் அச்சடித்துக் காட்டுங்கள். அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சரி என்றால் அதே தாளில் கையெழுத்து வாங்குங்கள். சிலேட்டில் தப்பாக எழுதினால் அழிக்கலாம். மரத்தில் எரித்த எழுத்தை இழைப்புளி போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிளைவுட் என்றால் அதுவும் முடியாது.

கண், தீ, புகை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகள் விளையாடும் சிவப்பு லேசர் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அது 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். மர வேலை லேசர் 5 வாட் என்றால் அதைப் போல 1,000 மடங்கு. நேராகப் பார்த்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். எவர்சில்வர் தட்டிலோ முகம் பார்க்கும் கண்ணாடியிலோ பட்டுத் தெறித்து வந்தாலும் ஆபத்துதான். நம் கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. அது பூதக்கண்ணாடி போல அந்த வெளிச்சத்தை விழித்திரையில் குவித்துவிடும். கண்ணை மூடுவதற்குள் விழித்திரை வெந்துவிடும். வெந்த விழித்திரை மறுபடி வளராது. கண்ணாடி போட்டும் தீராது, ஆபரேஷன் செய்தும் திரும்பாது.

அதனால் லேசருக்கென்று உள்ள கண்ணாடி கட்டாயம். வெயில் கண்ணாடி உதவாது. நீல லேசரின் நிறத்துக்கு ஓர் எண் உண்டு, சுமார் 450. கண்ணாடிச் சட்டத்தில் எந்த எண் முதல் எந்த எண் வரை தடுக்கும் என்று அச்சடித்திருக்கும். அதற்குள் 450 அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். பக்கத்தில் ஓ.டி. என்று போட்டு 5 அல்லது 6 என்று இருக்க வேண்டும். பெட்டிக்குள் இலவசமாகப் போட்டு அனுப்பும் பச்சைக் கண்ணாடியில் எண்ணே இல்லை என்றால் அதை நம்பாதீர்கள். கரியமில வாயு லேசருக்கு உள்ள கண்ணாடி இதற்கு ஆகாது. இதற்கு உள்ளது அதற்கு ஆகாது.

நம் வீடுகள் பெரும்பாலும் ஒரே அறை. அங்கேயே குழந்தை, அங்கேயே அடுப்பு. நீங்கள் ஒருவர் கண்ணாடி போட்டால் போதுமா? குழந்தை எட்டிப் பார்க்குமே! இயந்திரத்தை முழுக்க மூடும் பெட்டிக்குள் வைக்க இடமில்லை என்றால் வீட்டில் அதை ஓட்ட வேண்டாம். இதில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தீ. மரத்தை எரிக்கிறோம், தீப்பிடிப்பது அதிசயம் இல்லை. வெட்டும்போது சின்னத் தீ நாக்கு எழும். தலையின் பக்கத்தில் ஒரு சிறு குழாய் வைத்துக் காற்று ஊதினால் அது அணையும். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பைக்கூடச் சிலர் இதற்கு வைத்துக்கொள்கிறார்கள். காற்று புகையையும் விலக்குவதால் வெட்டு ஆழமாகவும் ஓரம் சுத்தமாகவும் இருக்கும். பலகைக்கு அடியில் தேன்கூடு போன்ற இரும்புத் தட்டு வைத்தால் மேசை கருகாது. இவ்வளவு செய்தாலும் ஓடுகிற இயந்திரத்தை விட்டு எழுந்து போகக் கூடாது. டீ குடிக்கக்கூட. தீப்பிடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஈரச் சாக்கும் தீயணைப்பு உருளையும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது புகை. மரப் புகையே நெஞ்சுக்கு ஆகாது. பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் பசை இருக்கிறது. பசை எரிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். ஃபேன் வைத்துக் குழாய் வழியே புகையை வெளியே தள்ள வேண்டும். நம் சந்தில் வெளியே என்றால் எதிர்வீட்டு ஜன்னல்தான்! குழாயை மொட்டை மாடி வரை ஏற்றினால் சண்டை வராது.

ஒரு பொருளை மட்டும் எக்காரணம் கொண்டும் லேசரில் வைக்காதீர்கள். அது பி.வி.சி. குழாய், ஃபிளெக்ஸ், பல வகை ரெக்சின் எல்லாம் பி.வி.சி.தான். அதை எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். நுரையீரலை அரிக்கும். இயந்திரத்தின் இரும்பும் துருப்பிடித்துவிடும். பெயின்ட் அடித்த பழைய பலகை, மருந்து ஏற்றிய மரம் இவையும் வேண்டாம்.

எந்த மரம், எந்த இயந்திரம்?

கற்றுக்கொள்ள வெளிர் நிற மரம் நல்லது. கருக்கு பளிச்சென்று தெரியும். ஈட்டி மரத்தில் எழுதினால் கறுப்பில் கறுப்பு, ஒன்றும் தெரியாது. தேக்கில் எழுத்து அழகாக வரும், ஆனால் எண்ணெய் சத்து இருப்பதால் புகைக் கறை படியும். எழுதும் இடத்தில் முன்பே காகித டேப் ஒட்டி, அதன் மேல் எரித்துவிட்டு, பிறகு டேப்பை உரித்தால் கறை டேப்போடு போய்விடும். மெல்லிய பிளைவுட் வெட்டுவதற்கு ஏற்றது. ஆனால் தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட்டை வாங்கி ஏமாறாதீர்கள். அதன் பசை நீல லேசருக்கு மசியாது. மேலே வெட்டியது போல இருக்கும், கீழே ஒட்டிக்கொண்டு வராது. கண்ணாடி போல் தெளிந்த அக்ரிலிக்கும் இதில் வெட்டுப்படாது. நீல வெளிச்சம் அதன் ஊடே போய்விடும், எரிப்பதற்கு அங்கே தங்காது.

லேசரால் முடியாத வேலையும் நிறைய உண்டு. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் மைசூர் சாலையில் சன்னபட்டணா இருக்கிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றிப் பொம்மை செய்கிறார்கள். உருண்டை வடிவமும் அந்த மினுக்கமும் லேசருக்கு வராது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பி உளியால் மூக்கையும் கன்னத்தையும் எழுப்புவார். லேசர் தட்டையாகக் கருக்கும், அவ்வளவுதான். உளி பிடித்தவருக்கு லேசர் போட்டி என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேகை, கணு, ஈரம் எல்லாம் தெரிந்த தச்சர் லேசரைப் பிடித்தால் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவரைவிட நன்றாகச் செய்வார்.

இயந்திரம் வாங்கும்போது வாட் என்ற சொல்லில் கவனமாக இருங்கள். பெட்டியின் மேல் பெரிதாக 40 வாட் என்று போட்டிருக்கும். அது இழுக்கும் மின்சாரமாக இருக்கலாம். வெளியே வரும் வெளிச்சம் 5 வாட்டாக இருக்கும். வெட்டுவது வெளிச்சம்தான். "லேசர் வெளிச்சம் எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்தில் பெரிய எண், மூலையில் பொடி எழுத்தில் உண்மை என்ற இந்தப் பழக்கம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்?

உடனே கடன் வாங்கி இயந்திரம் எடுக்க வேண்டாம். சுய உதவிக் குழுவில் கடன் சுலபமாகக் கிடைக்கலாம். முதலில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு லேசர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். பத்துப் பெயர்ப் பலகை வெட்டி வாங்கி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி விற்றுப் பாருங்கள். பத்தும் விற்றதா, கூலி போக என்ன மிஞ்சியது என்று நோட்டில் எழுதுங்கள். மாதா மாதம் கட்ட வேண்டிய தவணையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். மிஞ்சும் தொகை தவணையைவிடப் பெரிதாக மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் அப்போது விலை விசாரிக்கலாம்.